எதைப் போடறதுக்கா?

அவளை நினைத்தால் எனக்கு முகம் அப்புறம்தான் வரும். முதலில் வருவது கட்டைவிரல். கைபேசியில் அந்தக் குட்டி மைக் படத்தை அழுத்திக்கொண்டு அப்படியே நிற்கும் கட்டைவிரல். வாயில் பேச்சு வராது. விரலை எடுப்பாள். ரயில் ஓடுகிற சத்தம் மட்டும் பதிவாகியிருக்கும், அதை அழிப்பாள். மறுபடி அழுத்துவாள். மறுபடி அழிப்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, குழம்புக்கு எந்தப் பொடி என்று கேட்கிற தோரணையில் கேட்பாள்.

“அக்கா, ‘வாட்ச்’ போடவா, ‘லுக்’ போடவா?”

“எதுக்குடி?”

“அவரு மேல கண்ணு வச்சுக்கிட்டே இருக்கணும். கட்டில விட்டு எறங்கப் பாக்குறாரு.”

“ரெண்டும் கேன் லா.”

“எப்படிக்கா ரெண்டும் சரியாவும்? ரெண்டும் ஒண்ணுன்னா ரெண்ட எதுக்கு வச்சிருக்கான்?”

நான் இந்தச் சிங்கப்பூரிலேயே பிறந்தவள், ஆனாலும் செகண்டரி டூவோடு, அதாவது எட்டாவதோடு, பள்ளிக்கூடத்துக்கு டாட்டா சொன்னவள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பேருந்திலும் சந்தையிலும் பொறுக்கியது. எதைச் சொன்னாலும் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். புரிந்தால் போதாதா என்று நினைக்கிற ஜாதி நான். அவளுக்குப் போதாது.

நாங்கள் இருவரும் பொங்கோலில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்குகிறவர்கள். நான் ரவிக்கை தைக்கும் கடையில். அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு ஜவுளிக்கடையில் கல்லாவில். பொங்கோல்தான் முதல் நிலையம் என்பதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். அவள் நாற்பதைத் தாண்டியவள், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, கண்ணுக்குக் கீழே தூங்காத கறுப்பு.

வீட்டில் அவள் கணவர். கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவர், பக்கவாதம் வந்து வலப்பக்கம் போய்விட்டது. பிள்ளைகள் இல்லை. அவளும் வேலைக்குப் போகாவிட்டால் வீடு நடக்காது. அதனால் பகல் முழுக்க அவர் ஒரு பணிப்பெண்ணின் கையில். பெயர் தீரி. மியன்மாரிலிருந்து வந்த, மெலிந்த, சிரித்தால் கண் மூடிக்கொள்கிற பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு பர்மிய மொழி தெரியாது. நடுவில் இருந்தது இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இங்கிலீஷ். அதன் மேல் ஒரு மனிதரைப் படுக்கவைத்திருந்தார்கள்.

“சொல்றது நானு, செய்யறது அவ, தாங்கறது அவரு,” என்பாள். “நான் ஒரு வார்த்த மாத்திச் சொன்னா அவரு ஒடம்புலதான்கா விடியும்.”

அவள் பேச்சில் எனக்குப் பிடித்த இன்னொன்று கரண்டிக் கணக்கு. “நமக்கு ஒரே கரண்டி போதும்கா. சாம்பாருக்கும் அதான், ரசத்துக்கும் அதான். இங்கிலீஷ்காரன் கொதிக்கிறது எல்லாத்துக்கும் ஒவ்வொரு கரண்டி வச்சிருக்கான். அதுல எதக் கையில எடுக்கறதுன்னே தெரியல.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ‘தூக்கு’ என்கிறோம். குழந்தையைத் தூக்கு, கையைத் தூக்கு, மூட்டையைத் தூக்கு. அவரைத் தூக்கி உட்கார வை என்று சொல்ல நினைத்து, ஆரம்பத்தில் ஒருநாள் ‘கேரி ஹிம்’ என்று அனுப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தீரியிடமிருந்து அழாத குறையாகப் பதில் வந்தது. “மேம், சார் வெரி பிக். ஐ கேரி, ஐ டை.”

மருந்து விஷயம் அதைவிட மோசம். மருந்தை மேசையில் வை என்பதற்கு, நம் ஆட்கள் ஊரில் சொல்கிறபடி ‘கீப்’ என்றிருக்கிறாள். இந்த ஊரில் கீப் என்றால் எடுத்து உள்ளே பத்திரப்படுத்துவது. தீரி மாத்திரை டப்பாவைத் துடைத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியையும் பத்திரப்படுத்திவிட்டாள். மதிய மாத்திரை மாலைதான் வயிற்றுக்குள் போனது.

“நீ ‘புட்’டுன்னு சொல்லியிருக்கணும் லா,” என்றேன்.

“எங்களுக்கு புட்டுன்னா பலகாரம்கா,” என்று சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தைத்த ரவிக்கையைக் கொடுக்கப் பொங்கோலில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நாக்கு அப்படியேதான் இருந்தது.

“வாங்கக்கா. டிக்‌ஷனரியத் தேடி வந்தீங்களா? உள்ள இருக்கு, தொறந்து பாருங்க.”

“சும்மா இருங்க,” என்றாள் அவள்.

“நீங்களே நியாயம் சொல்லுங்க. காலையில போறப்ப அந்தப் பொண்ணுகிட்ட என்னையக் கை காட்டி, ‘சீ ஹிம்! சீ ஹிம்!’ங்கிறா. கட்டுன புருஷனப் பாத்து எவளாவது சீங்கலாமா?”

தீரிக்குத் தமிழ் புரியாவிட்டாலும் அவர் முகத்தைப் பார்த்தே சிரித்தாள். இவளும் சிரித்தாள். ஆனால் மறுநாள் ரயிலில் ஏறியதுமே, “சீ வேணாம்கா. தமாசா சொன்னாலும் அவருக்கு மனசுல பட்டிருக்கும். ‘செக்’னு போட்டா?” என்றாள். நான் வெளியே பார்த்தேன். சுரங்கத்தில் என்ன இருக்கிறது பார்க்க.

அவளுடைய இந்தப் பழக்கம் ஒருவகைப் பெருமையோ என்றுகூட முதலில் நினைத்தேன். இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறாள் போல, என்னை வைத்துப் பயிற்சி எடுக்கிறாள் போல என்று. ஒருநாள் அவள் கடைக்கு ஊக்கு வாங்கப் போனபோது அந்த நினைப்பு உடைந்தது. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி பட்டுத்துணியைத் தூக்கிக்கொண்டு நிற்க, இவள் கல்லாவிலிருந்தபடியே, “மேடம், திஸ் ஒன் வாஷ் கேனாட், வாட்டர்ல போட கேனாட், ஒன்லி டிரை!” என்று சரமாரியாக எறிந்தாள். ஒரு சொல்லுக்கும் நிற்கவில்லை. பாதியில் தமிழே வந்தது, அதையும் கவனிக்கவில்லை. அந்த அம்மாள் புரிந்து தலையாட்டிப் பணம் கொடுத்துவிட்டுப் போனாள்.

“ஏய், இங்க மட்டும் நல்லா ஓடுது?” என்றேன்.

“இது துணிதானேக்கா,” என்றாள்.

இன்னொரு நாள் எங்களுக்கு எதிரே நின்ற ஒரு தமிழ்ப் பையன், அலுவலக அட்டை கழுத்தில் தொங்க, காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டுக் குனிந்தான். ரொம்ப நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்திருப்பான்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ‘பாத்துக்கோ’ன்னா ‘லுக் ஆஃப்டர்’. சிம்பிள். ‘லுக் ஆஃப்டர் ஹிம்’னு அனுப்புங்க.”

அவள் நன்றாக யோசித்தாள். யோசித்துவிட்டு, “தம்பி, ஆஃப்டர்னா அப்புறம்தானே?” என்றாள்.

“ஆமா, ஆனா இங்க அப்படி இல்ல…”

“அந்தப் பொண்ணுக்கு ஆஃப்டர்னா அப்புறம்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஆஃப்டர் லஞ்ச், ஆஃப்டர் பாத். இப்ப ‘லுக் ஆஃப்டர்’னா, அப்புறமா பாத்துக்கலாம்னு போயிட்டான்னா?”

பையன் சிரித்தான். “அப்படியெல்லாம் யாரும் எடுத்துக்க மாட்டாங்கக்கா.”

“எடுத்துக்குவாங்க தம்பி,” என்றாள். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு அடுத்த நிலையம் வரைக்கும் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று மாலை திரும்பும்போது கூட்டம். இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஃபேரர் பார்க் தாண்டியதும், நான் கேட்காமலே சொன்னாள்.

பக்கவாதத்திலிருந்து அவர் தேறிவந்த சமயம் அது. தடியை ஊன்றி நடந்துகொண்டிருந்தார். யாராவது கையைப் பிடித்தால் மட்டும் ஆத்திரம் வரும். ஒரு மத்தியானம், கடையில் கல்யாணக் கூட்டம், தீரி போனில் கூப்பிட்டிருக்கிறாள். சார் கோபமாக இருக்கிறார், பாத்ரூமுக்குத் தனியாக நடக்கணும் என்கிறார், நான் பிடித்தால் திட்டுகிறார் என்று அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில். பின்னால் அவர் கத்துவதும் கேட்டிருக்கிறது.

“எனக்கு மனசுல ஓடுனது, ‘விடும்மா, அவரே நடக்கட்டும்’னுதான். கையில நாலு பேரு காச நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. வாயில ‘லீவ் ஹிம்’னு வந்துது. ‘லீவ் ஹிம், லீவ் ஹிம்’னு மறுபடியும் சொன்னேன். அழுத்தமா சொன்னேன்கா.”

தீரி விட்டுவிட்டாள். மேம் சொன்னபடி அவரை விட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் போய், வெளியே நீட்டியிருந்த கம்பத்தில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் பாதி தூரம் நன்றாகவே போயிருக்கிறார். பாத்ரூம் வாசலில் விழுந்தார். இடுப்பு எலும்பு. அதற்கப்புறம் தடி தேவைப்படவில்லை.

“தமிழ்ல ரெண்டும் விடுதான்கா. இங்கிலீஷ்ல ‘லெட்’டுன்னா கூடவே நிக்கணும். ‘லீவ்’னா நிக்க வேணாம். அவ்ளோதான் வித்தியாசம். அத ஆஸ்பத்திரி நாற்காலில ஒக்காந்து போன்ல தேடிப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

கதவு திறந்து மூடியது. யாரோ பையோடு எங்கள் நடுவே புகுந்து போனார்கள்.

“நாத்தனார் வந்து, அந்தப் பொண்ண மொதல்ல ஏஜென்சிக்கு அனுப்புன்னாங்க. எதுக்கு அனுப்பணும்? அவ நான் சொன்னதத்தான் செஞ்சா. ஒரு எழுத்து மாறாமச் செஞ்சா.”

“அவளுக்குத் தெரியுமா?”

“சொல்லாம இருப்பேனா? நிக்க வச்சுச் சொன்னேன். நானே நடந்து காட்டி, இப்படிக் கூட வந்தா லெட்டு, அப்படிப் போயிட்டா லீவு, நான் சொன்னது தப்பு, ஒன் மேல தப்பில்லன்னு. அழுதா. அழுதுட்டு, ‘மேம், சேம் சேம். நெவர் மைண்ட்’னா. எனக்கு ஆறுதல் சொல்றாளாம்.”

அதற்கப்புறம் நான் ‘ரெண்டும் கேன்’ சொல்வதை நிறுத்திவிட்டேன். அவள் கேட்டால் நானும் யோசித்தேன். ‘ஹோல்ட்’டா ‘கேட்ச்’சா, ‘ஆஸ்க்’கா ‘லிஸன்’னா என்று ஹவ்காங் தாண்டி, செரங்கூன் தாண்டி, இரண்டு நடுவயதுப் பெண்கள் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு. பல நாள் இறங்கும் இடம் வந்த பிறகும் அனுப்பியிருக்க மாட்டாள். படிக்கட்டில் ஏறிக்கொண்டே அனுப்புவாள். அனுப்பிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவாள் பாருங்கள், அப்போதே அன்றைய வேலை முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். கடையே இன்னும் திறந்திருக்காது.

தீரியின் ஒப்பந்தம் முடிகிற காலம் வந்தது. புதுப்பிப்பதா வேண்டாமா என்று அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. இவளுக்கு ரயிலில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

“கேக்கணும்கா. நீ எங்களுக்கு வேணும்னு சொல்லணும். அந்த வேணுமுக்கு எதப் போடறது? ‘வான்ட்’னா அதிகாரமா இருக்கு. கடையில காப்பி வேணும்கற மாதிரி. ‘நீட்’னா பாவம் அது, மறுக்க முடியாமக் கட்டிப் போட்ட மாதிரி ஆயிரும்.”

“ரெண்டுல எது உண்மை?” என்று கேட்டேன்.

“கட்டிப் போடறதுதான்,” என்றாள்.

குரல் பதிவில் சொல்லமாட்டேன், முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன் என்றாள். வாரம் ஓடியது. ஒரு காலை, கைபேசி பைக்குள்ளேயே இருக்க, கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

“சொல்லிட்டியா?”

“நேத்து சாயங்காலம். ‘நீட்’தான் போட்டேன்.”

“என்ன சொன்னா?”

“‘ஐ நோ, மேம்’னா. அவருக்குத் தலையத் தொவட்டிக்கிட்டே சொன்னா. துண்டக் கொடியில போட்டுட்டு வந்து எதிர்க்க ஒக்காந்தா. ‘மேம், மீ டயர்ட்’னா. முதுகத் தொட்டுக் காட்டுனா.”

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

“எனக்கு அந்த வார்த்தையில ஒண்ணும் சந்தேகம் வரலக்கா,” என்றாள். “நான் சொல்ல வேண்டியத அவ சொல்லிட்டா மாதிரி இருந்துச்சு. ‘ஓகே’ன்னேன். யோசிக்கவே இல்ல.”

தீரிக்கு தெம்பனிஸில் ஒரு வீடு கிடைத்தது. கைக்குழந்தை ஒன்று, தூக்கினால் பூ மாதிரி இருக்குமாம். இவளே முன்னால் நின்று காகிதமெல்லாம் முடித்துக் கொடுத்தாள். ஏஜென்சிக்காரர்கள் இவளுக்கு வேறு பெண்களின் படங்களைக் காட்டியிருக்கிறார்கள். நல்ல பெண்கள், அனுபவம் உள்ளவர்கள்.

“ஒண்ண எடுத்துக்கயேன்,” என்றேன்.

“ஆளு கெடைக்கும்கா. திருப்பி மொதல்லேர்ந்து எல்லா வார்த்தையும் என்னால எடுத்து அடுக்க முடியாது. லீவுலேர்ந்து ஆரம்பிக்கணும்.” தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். “முதலாளிகிட்ட சொல்லிட்டேன். இந்த மாசத்தோட நிக்கிறேன்.”

“வீடு எப்படிடி ஓடும்?”

“ஓடாது. நடக்கும்.”

அதன்பின் பொங்கோலில் நான் தனியாக ஏறினேன். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கைபேசியில் மளமளவென்று பேசினார்கள், தட்டினார்கள், அனுப்பினார்கள். எவ்வளவு துணிச்சல் என்று இருக்கும்.

பிறகொரு தடவை காய்கறிக் கடையில் அவளைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருக்கே?”

“இப்ப யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லல்ல. நானே தூக்குறேன், நானே புடிக்கிறேன், நானே பாத்துக்கிறேன். வாய்க்கு ரெஸ்ட்டுக்கா. முதுகுக்குத்தான் இல்ல.” காயைப் பைக்குள் போட்டாள். “தீரி எப்படி ரெண்டு வருசம் இதச் செஞ்சான்னு இப்பத்தான் தெரியுது. அவகிட்ட நான் வார்த்தையத்தான் பாத்தேன். கனத்தப் பாக்கல.”

அவரைப் பற்றிக் கேட்டேன். “டிக்‌ஷனரிய இப்ப தமிழ்ல போட்டிருக்காங்கன்னு கேலி பண்றாரு,” என்றாள். பேசும்போதே கண் கடைக்கு வெளியே, வீட்டுப் பக்கம் போய்ப் போய் வந்தது. அவரைத் தனியே விட்டு வந்திருக்கிறாள். ரொம்ப நேரம் நிற்கவில்லை.

மனசு கேட்காமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கோரெங் பீசாங் வாங்கிக்கொண்டு போனேன். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது, அவருக்கு உயிர். இரும்புக் கதவு சாத்தி, உள்கதவு திறந்திருந்தது. மணியை அடிக்கக் கையைத் தூக்கியபோது, உள்ளேயிருந்து தீரி எழுந்து வந்தாள். புதுச் சட்டை, உதட்டில் லேசாகச் சாயம். உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே, தாழ்ப்பாளை நகம் நகமாக நகர்த்திக் கதவைத் திறந்தாள்.

கூடத்துத் தரையில், ஃபேனுக்கு அடியில், பாய்கூட இல்லாமல் அவள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நடுப்பகல் வெயில் பாதத்தில் விழுந்திருந்தது. வாய் திறந்திருந்தது. புடவைத் தலைப்பைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தாள். பத்து வருடத் தூக்கத்தை ஒரே மூச்சில் தூங்குகிறவள் மாதிரி.

நான் தீரியிடம் என் இங்கிலீஷில் முணுமுணுத்தேன். “டுடே ஆஃப் டே, ஒய் யூ வொர்க் ஹியர்?”

“நோ வொர்க், ஆன்ட்டி,” என்றாள் அவளும் மூச்சுக் குரலில். “சிட்டிங் ஒன்லி.”

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்த அவர் இடது கையால் என்னைக் கூப்பிட்டார். எதையாவது கேலியாகச் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

“சத்தம் போடாம ஒக்காருங்கக்கா,” என்றார். “நாலு வாரமா ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம இந்தப் பொண்ணு வருது. இது வந்தாத்தான் அவ தூங்கறா.”

பேசியதில் அவருக்கு இருமல் வந்தது. தரையில் படுத்திருந்தவள் புரளவில்லை. தீரி போய் அவர் முதுகில் ஒரு கையை வைத்து, மறுகையால் தண்ணீரைப் பிடித்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு வந்து, தூங்குகிறவளின் கால்மாட்டில், வெயில் படாமல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பழத்தை மேசையில் வைத்தேன். நானும் உட்கார்ந்தேன்.